மருந்து வந்த வழி

மார்பகப் புற்றுநோய் ஒரே நோயன்று என்னும் செய்தி இன்று மருத்துவமனைக்குச் செல்லும் குடும்பங்களுக்கு முதல் சில வாரங்களிலேயே தெரிந்துவிடுகிறது. ஊசியால் எடுத்த சிறு தசைத்துணுக்கு ஆய்வுக்கூடத்திற்குப் போகிறது. திரும்பி வரும் தாளில், கட்டி எந்தெந்தக் குறிகளைத் தாங்கி நிற்கிறது என்று எழுதியிருக்கும். முதல் இரண்டு வரிகள் ஹார்மோன்களைப் பற்றியவை. மூன்றாம் வரி ‘ஹெர்-2’ என்பது. 1980களின் தொடக்கத்தில் அந்த மூன்றாம் வரி எந்தத் தாளிலும் இல்லை. அக்குறி மிகுந்த பெண்களும் இல்லாத பெண்களும் ஒரே வகை மருந்தையே பெற்றனர். ஒருத்தி பிழைத்ததும் மற்றொருத்தி விரைவில் மறைந்ததும் விதியின் செயலாகவே தோன்றின. அந்த ஒரு வரி தாளில் ஏறவும், அதற்குரிய மருந்து கைக்கு வரவும் பட்ட பாட்டைப் பற்றியே இம்மாதம் எழுத எண்ணினோம்.

கதையின் முதல் நூல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கிடைக்கிறது. அங்கே ராபர்ட் வெயின்பர்க் என்னும் விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில், 1982இல், எலியின் நரம்புக் கட்டியிலிருந்து புதியதொரு புற்றுநோய் மரபணுவின் தடம் புலப்பட்டது. அதைக் கண்டவர்களுள் முதல்வர் பம்பாயிலிருந்து சென்றிருந்த நம் நாட்டு ஆய்வாளர் ஒருவர் என்பதை அன்பர்கள் அறிந்து மகிழலாம். ஆயினும் அம்மரபணுவைத் தாக்கும் மருந்தொன்றைத் தேட வேண்டும் என்னும் எண்ணம் அங்கே எழவில்லை. அதன் மனித வடிவத்தை, ஜெனென்டெக் என்னும் காலிபோர்னியா மருந்து நிறுவனத்தில் பணிபுரிந்த ஜெர்மானியரான ஆக்ஸல் உல்ரிக் 1985இல் பிரித்தெடுத்தார். அவரிடம் மரபணு இருந்தது. அது எந்த நோயில் என்ன செய்கிறது என்பதற்கு விடை இல்லை.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள காலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் டென்னிஸ் ஸ்லாமன் என்பவர் இருந்தார். நோயாளிகளையும் பார்ப்பார், ஆய்வும் செய்வார். அறுவை மருத்துவர்கள் வெட்டியெடுத்த கட்டிகளைக் குளிரூட்டிச் சேர்த்து வைக்கும் வழக்கம் அவருக்கு உண்டு. மரபணு உடையவரும் கட்டிகள் உடையவரும் சேர்ந்தனர். 1987 ஜனவரியில் ‘சயின்ஸ்’ இதழில் அவர்கள் முடிவு வெளியாயிற்று. 189 மார்பகக் கட்டிகளை ஆராய்ந்ததில், ஏறத்தாழ 30 விழுக்காட்டுக் கட்டிகளில் அந்த மரபணு இரு மடங்கு முதல் இருபது மடங்குக்கும் மேலாகப் பெருகியிருந்தது. அவ்வாறு பெருகியிருந்த பெண்களுக்கே நோய் விரைந்து திரும்பியது. அவர்களே விரைந்து இறந்தனர்.

உயிரணுவின் மேற்பரப்பில் ‘வளர்க’ என்னும் ஆணையை வாங்கி உள்ளே அனுப்பும் வாயில்கள் சில உள. ஹெர்-2 அவற்றுள் ஒன்று. மரபணு பெருகினால் வாயில்களும் பெருகும். ஆணை ஓயாமல் உள்ளே போகும். அணுவும் ஓயாமல் பிளந்து பெருகும். வாயில் அணுவின் வெளிப்புறத்தில் இருப்பது ஒரு நற்பேறு. வெளியிலிருந்தே அதை அடைக்கலாம் அன்றோ?

மற்ற ஆய்வுக்கூடங்கள் சில இம்முடிவை மெய்ப்பிக்க முயன்று, முரணான விடைகளைப் பெற்றன. ஐயம் பரவிற்று. ஸ்லாமன் மீண்டும் கட்டிகளை எடுத்துவைத்துக்கொண்டு, 1989இல் இரண்டாம் கட்டுரை எழுதி முதற்கட்டுரையை நிலைநாட்ட வேண்டியதாயிற்று.

இதற்குள் ஜெனென்டெக்கில் மைக்கேல் ஷெப்பர்டு முதலியோர், ஹெர்-2 வாயிலைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதம் ஒன்றைச் சுண்டெலியின் உடலைக் கொண்டு உண்டாக்கினர். கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்ந்த புற்றணுக்களின் வேகத்தை அது அடக்கிற்று. இனி மருந்து வந்துவிடும் என்றுதானே எவரும் நினைப்பர்? நிறுவனத் தலைவர்களோ தயங்கினர். பிற நிறுவனங்கள் புற்றுநோய் மருந்துகளில் பெரும்பொருளைக் கொட்டி இழந்ததை அவர்கள் கண்டிருந்தனர். உல்ரிக் நிறுவனத்தை விட்டே வெளியேறினார். வணிகக் கணக்கில் அவர்கள் அச்சம் முற்றிலும் பிழையென்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் அந்தக் கணக்கில் நோயாளிக்கு ஒரு பத்தி ஒதுக்கப்படவில்லை. ஸ்லாமன் அந்நிறுவனத்தின் ஊழியர் அல்லர். எனினும் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குத் திரும்பத் திரும்பச் சென்று, கேட்க விரும்பாதவர்களிடம் அதே செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த சிலர் அவர் பக்கம் நின்றனர்.

பொருளுதவி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. தொலைக்காட்சித் துறையில் பெரும்பதவி வகித்த பிராண்டன் டார்ட்டிகாஃப் என்பவருக்கு முன்பு ஸ்லாமன் புற்றுநோய்ச் சிகிச்சை செய்திருந்தார். அந்நன்றியை மறவாத அவர் மனைவி லில்லி டார்ட்டிகாஃப், ரெவ்லான் என்னும் ஒப்பனைப் பொருள் நிறுவனத்தின் தலைவரான ரொனால்டு பெரல்மனை அணுகினார். அந்நிறுவனம் பல இலட்சம் டாலர்களை வழங்கிற்று. உதட்டுச்சாயம் விற்ற காசு ஆய்வுக்கூடத்தில் விளக்கெரித்தது என்பதில் இழிவு ஒன்றும் இல்லை. சுண்டெலியின் புரதத்தை மனித உடல் அயலானென்று விரட்டிவிடும். அதனை மனிதப் புரதம்போல மாற்றியமைக்கும் நுண்பணியைப் பால் கார்ட்டர் என்னும் நிறுவன விஞ்ஞானி முடித்து, 1992இல் வெளியிட்டார். பின்னர் ‘ஹெர்செப்டின்’ என்று வழங்கிய டிராஸ்டுசுமாப் அதுவே.

அதே 1992இல் மருந்து முதன்முதலாகப் பெண்களின் உடலில் ஏறியது. காலிபோர்னியாவைச் சேர்ந்த ஒரு பெண்மணிக்கு மார்பகத்தை அகற்றிய பின்னும் நோய் திரும்பிக் கழுத்தில் கட்டியாகத் திரண்டிருந்தது. கடும் மருந்துகளால் அலுத்துப்போன அவர் முதலில் மறுத்துவிட்டார். ஸ்லாமனே தொலைபேசியில் அழைத்துப் பேசிய பிறகு இசைந்தார். வாரங்கள் செல்லச் செல்லக் கழுத்துக் கட்டி கரைந்தது. அவர் நெடுநாள் வாழ்ந்தார். உடன் மருந்து பெற்றவர் எல்லாரும் அவ்வாறு வாழவில்லை.

செய்தி பரவவே, தமக்கும் மருந்து வேண்டுமென்று பெண்கள் கேட்கலாயினர். மருந்தோ சிறிதளவே உண்டு. சோதனைக்கு வெளியே கொடுப்பதில்லை என்பது நிறுவனத்தின் நிலை. அவ்வாறு கேட்டுக் கிடைக்காத ஒரு பெண் மருத்துவர் 1994இல் இறந்தார். அவ்வாண்டு டிசம்பரில் அவருடைய தோழியர், இறுதி ஊர்வலம்போலக் கார்களை வரிசையாக நிறுவனத்தின் வளாகத்துக்குள் செலுத்தி மறியல் செய்தனர். நிறுவனம் இறங்கிவந்தது. சோதனைக்கு வெளியே உள்ளோரில் சிலருக்குக் குலுக்கல் முறையில் மருந்து தர ஏற்பாடாயிற்று. உயிர் குலுக்கலில் விழுவதை நினைக்க நெஞ்சு நடுங்குகிறது. முன்பு அதுவும் இல்லை.

இறுதிச் சோதனையில் 469 பெண்கள் சேர்ந்தனர். ஒரு பாதியினருக்குக் கீமோதெரபியுடன் புதிய மருந்து. மறு பாதியினருக்குக் கீமோதெரபி மட்டும். முதலில், யாருக்கு எது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதபடி, மருந்தற்ற வெறும் திரவத்தையும் ஏற்றுவதாக இருந்தது. பெண்கள் சேரத் தயங்கினர். வாழ்நாளை எண்ணிக்கொண்டிருப்பவள் வெறும் திரவத்துக்காக வாரந்தோறும் வந்து கை நீட்டுவாளா? திட்டத்தைத் திருத்தி அந்த மறைப்பை நீக்கினர். பின்னரே தொகை நிரம்பிற்று. முடிவு 1998 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 25 அன்று அமெரிக்க அரசு மருந்துக்கு இசைவளித்தது. கீமோதெரபி மட்டும் பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 20.3 மாதம், புதிய மருந்தும் பெற்றோருக்கு 25.1 மாதம்.

ஐந்து மாதந்தானா என்று கேட்கத் தோன்றும். நோய் உடலெங்கும் பரவிய பின் கிடைத்த ஐந்து மாதம் அது. தொடக்க நிலையிலேயே அறுவைக்குப் பின் இம்மருந்தைக் கொடுத்தால் நோய் திரும்புவது ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று 2005இல் தெளிவாயிற்று. இடர் ஒன்றும் உண்டு: சிலருக்கு இதயம் தளர்கிறது, குறிப்பாக ஆந்திராசைக்ளின் வகை மருந்துகளோடு சேர்க்கும்போது. அவ்வகையைத் தவிர்த்த ஒரு சிகிச்சை முறையையும் ஸ்லாமன் குழுவினரே 3,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்து 2011இல் வெளியிட்டனர்.

இவ்வரலாற்றை ஸ்லாமன் ஒருவரின் வெற்றியாகவே காட்டி 2008இல் ஒரு தொலைக்காட்சிப் படமும் வந்தது. 2019இல் லாஸ்கர் பரிசு அளித்தவர்கள் உல்ரிக், ஷெப்பர்டு, ஸ்லாமன் மூவரையும் ஒருங்கே நிறுத்தினர். அதுவே நேர்மைக்கு அருகில் உள்ளது. ஸ்லாமனின் தனிப்பெருமை வேறிடத்தில் இருக்கிறது. மற்றவர்கள் பணி மாறியும் ஆர்வம் குன்றியும் போன ஆண்டுகளில், ஒரே மரபணுவை விடாமல் பற்றி நின்றவர் அவர்.

இந்தியாவில் இம்மருந்து நெடுங்காலம் செல்வர்க்கே எட்டியது. 440 மில்லிகிராம் குப்பி ஒன்று 75,000 ரூபாய் விற்றது. 2013இல் ரோஷ் நிறுவனம் தன் இந்தியக் காப்புரிமையைக் கைவிட்டது. 2014இல் பெங்களூரின் பயோகான் நிறுவனம் ஒத்த மருந்தொன்றை 57,500 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. வழக்குகள் நடந்தன, போட்டி பெருகப் பெருக விலை மேலும் இறங்கிற்று. 2017 டிசம்பரில் அந்த பெங்களூர் மருந்துக்கு அமெரிக்க அரசே இசைவளித்தது.

ஊரிலிருந்து சிகிச்சைக்கு வருவோருக்கு நகரத்தில் ஓர் அறையை ஒழித்துக் கொடுப்பது நம்மவர் வீடுகளில் புதிதன்று. நம் சித்தி திருநெல்வேலியிலிருந்து வந்து ஓராண்டு நம்முடன் தங்கி, மூன்று வாரத்திற்கொரு முறை இம்மருந்தை ஏற்றிக்கொண்டார். அவருடைய தாளின் மூன்றாம் வரியைப் பார்த்த இளம் மருத்துவர், “பொல்லாத வகைதான் அம்மா, ஆனால் மருந்து உள்ள வகை” என்றார். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் நேரங்களில் இவ்வரலாற்றைச் சித்திக்குப் படித்துச் சொன்னோம். அவர் ஸ்லாமனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சோதனையில் மருந்து கிடைக்காத பாதிப் பெண்கள் என்ன ஆனார்கள் என்றே கேட்டார். நோய் முற்றியதும் அவர்களும் விரும்பினால் மருந்தைப் பெற இடமளித்திருந்தார்கள், மூன்றில் இரு பங்கினர் பெற்றார்கள் என்றோம். மற்ற ஒரு பங்கினரைப் பற்றிச் சித்தி கேட்கவில்லை, நாமும் கூறவில்லை.