நிரப்பாமல் விட்ட ஒரு கட்டம்

என் ஆய்வேட்டின் நான்காம் இயலைச் சென்ற மாதம் திரும்பப் பெற்றுக்கொண்டேன். முன்சமர்ப்பிப்புக் கருத்தரங்கிற்கு அப்போது பதினொரு நாள்களே இருந்தன. என்ன நேர்ந்தது என்று துறை நண்பர்கள் பலர் கேட்டுவிட்டார்கள். தனித்தனியே மறுமொழி சொல்வதைவிட இங்கே ஒருமுறை முழுமையாக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. நீண்ட பதிவு, பொறுத்தருள வேண்டும். தரவைத் தொலைவிலுள்ள ஒரு கணினியிலிருந்து எடுத்து ஆராயும் எவருக்கும், அவர் எந்தத் துறையினராயினும், இதில் ஏதேனும் பயன்படும் என நம்புகிறேன்.

பழைய நிரல்களின் பராமரிப்பு வரலாறு என் ஆய்வுப் பொருள். புணேயில் உள்ள ஒரு பராமரிப்பு மையம் 1990களின் பிற்பகுதியில் இரண்டு வெளிநாட்டுக் காப்பீட்டு அலுவலகங்களின் நிரல்களை இரண்டாயிரமாம் ஆண்டுச் சிக்கலுக்காகத் திருத்திக் கொடுத்தது. இரண்டும் இப்போது பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டவை. அவற்றின் படிகளை வாசிக்க மட்டும் எனக்கு அனுமதி கிடைத்தது. இரண்டும் பிஎல்/1 மொழியில் எழுதப்பட்டவை. 1960களில் ஐபிஎம் உருவாக்கிய அம்மொழியில் ‘சமமன்று’ என்பதை ¬= என்று எழுதுவார்கள். முன்னால் நிற்கும் அந்த வளைந்த கோடே மறுப்புக்குறி. இப்பதிவு முழுவதும் அந்தச் சிறு குறியைப் பற்றியதுதான்.

மெயின்ஃபிரேமில் மூல நிரலை யாரும் சாதாரணக் கோப்புறையில் போட்டுவைப்பதில்லை. எண்டெவர், சேஞ்ச்மேன், ஐஎஸ்பிடபிள்யூ போன்ற மேலாண்மைக் கருவிகளின் காவலில் அது இருக்கும். எந்த நிரல், எந்தக் கட்டத்தில் உள்ளது, யார் மாற்றினார், யார் ஒப்புதல் தந்தார் என்பதெல்லாம் அங்கே பதிவாகும். முன்பு பச்சை எழுத்துத் திரையின் முன் அமர்ந்துதான் இவற்றைக் கையாள முடியும். இன்று நம் மடிக்கணினியிலிருந்தே ஒரு செயலி வழியாக அந்தச் சேவையகத்தோடு இணையலாம். 2018இல் தொடங்கப்பட்ட ஸோவீ என்னும் திறந்த மூலத் திட்டம் இத்தகைய இணைப்பை மேலும் எளிதாக்கியது. இணைவதற்கு ஓர் அமைவுக் கோப்பு வேண்டும்: சேவையகத்தின் முகவரி, போர்ட் எண், பயனர் பெயர், கடவுச்சொல், சான்றிதழைச் சரிபார்ப்பதா வேண்டாமா என்ற தெரிவு, இன்னும் சில. அவற்றுள் ஒன்று குறியேற்ற அட்டவணை. என் செயலியின் படிவத்தில் அந்தக் கட்டத்தின் அருகே ‘கட்டாயமில்லை’ என்று எழுதியிருந்தது.

முதல் அலுவலகத்தின் சேவையகத்தோடு இணைவதற்கு எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. போர்ட் எண் தவறு, இணைப்பு மறுக்கப்பட்டது. அதைத் திருத்தியதும் சான்றிதழ் நம்பத்தக்கதன்று என்ற செய்தி வந்தது. அந்த மையம் தனக்கெனச் சொந்தமாக வழங்கிக்கொண்ட சான்றிதழ் அது. என் மடிக்கணினிக்கு அதை வழங்கியவர் யாரென்று தெரியாது. சரிபார்ப்பை அணைத்துவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று இணையத்தில் பலரும் எழுதியிருந்தனர். நானும் அணைத்தேன்.

மையத்தில் பணி ஓய்வுக்குப் பின்னும் ஆலோசகராகத் தொடர்ந்து வந்துபோகும் ஒரு மூத்த சிஸ்டம் புரோகிராமர் இருக்கிறார். மராத்தியர். எல்லோரும் அவரைக் ‘காகா’ என்றே அழைப்பார்கள்; நானும் அப்படியே. என் அமைவுக் கோப்பைப் பார்த்தவர், “கதவைத் திறந்தவர் யாரென்று பார்க்காமல் கையில் சாவியைக் கொடுப்பாயா?” என்று கேட்டு, சரிபார்ப்பை மீண்டும் இயக்கச் செய்தார். பாதுகாப்புப் பிரிவிலிருந்து மூலச் சான்றிதழைப் பெற்று நிறுவுவதற்கு ஆறு நாள்கள் காத்திருந்தேன். அதற்குள் இன்னொன்றும் நடந்தது. கடவுச்சொல்லை மாற்றிய பின் பழையதை அமைவுக் கோப்பில் அப்படியே விட்டுவிட்டேன். செயலி தானாகவே மீண்டும் மீண்டும் முயன்று என் பயனர் கணக்கை முடக்கிவிட்டது. நான் விசைப்பலகையைத் தொடக்கூட இல்லை. காகா சிரித்தார், பாதுகாப்புப் பிரிவினர் சிரிக்கவில்லை.

இறுதியில் அவரே அருகில் அமர்ந்து படிவத்தின் எல்லாக் கட்டங்களையும் நிரப்பினார். குறியேற்ற அட்டவணைக்கான கட்டத்தில் 037 என்று இட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. இணைப்புக் கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் இருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து இரண்டாம் சேவையகத்திற்கான அனுமதி வந்தது. இம்முறை யாரையும் தொந்தரவு செய்யவில்லை. முகவரி, போர்ட், பயனர் பெயர், சான்றிதழ் எல்லாவற்றையும் கவனமாக நிரப்பினேன். கட்டாயமில்லை என்றிருந்த கட்டத்தை வெறுமையாக விட்டேன். பத்து நிமிடத்தில் இணைப்புக் கிடைத்தது. அன்று என் நாட்குறிப்பில் ‘கற்றுக்கொண்டுவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறேன்.

இங்கே சற்று விளக்க வேண்டும். மெயின்ஃபிரேம் எழுத்துகளைச் சேமிக்கும் முறை நம் கணினிகளின் முறையன்று. நம்முடையவை ஆஸ்கியின் வழிவந்தவை. ஐபிஎம் 1964இல் அறிவித்த சிஸ்டம்/360 வரிசையோடு வந்த ஈபிசிடிக் முறையே அங்கே இன்றும் வழக்கு. அதிலும் நாட்டுக்கும் பயனுக்கும் ஏற்பப் பல அட்டவணைகள் உண்டு. அவற்றுள் 037, 1047 ஆகிய இரண்டும் ஏறக்குறைய இரட்டையர். எழுத்துகள், எண்கள், கூட்டல், கழித்தல், புள்ளி, அரைப்புள்ளி எல்லாம் இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கும். சதுர அடைப்புக்குறிகள் இரண்டு, கூரைக்குறி, மறுப்புக்குறி, ஐரோப்பிய மொழிகளுக்கான வேறு இரண்டு குறிகள் என ஆறு மட்டும் தம்முள் இடம் மாறி நிற்கும். ‘5எஃப்’ என்ற பைட்டை 037இன்படி வாசித்தால் ¬ கிடைக்கும். 1047இன்படி வாசித்தால் ^ கிடைக்கும்.

நான் வெறுமையாக விட்ட கட்டத்தைச் செயலி தன் இயல்பு மதிப்பான 1047ஆல் நிரப்பிக்கொண்டது. அந்தச் சேவையகத்தின் நிரல்களோ 037இல் எழுதப்பட்டவை. ஆகவே இரண்டாம் அலுவலகத்தின் நிரல்களிலிருந்த மறுப்புக்குறிகள் அனைத்தும் என் மடிக்கணினியில் கூரைக்குறிகளாக வந்து இறங்கின. மற்றவை அனைத்தும் எழுத்துப் பிசகாமல் வந்தன.

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்பை இன்று திறந்தால் பக்கம் முழுவதும் குப்பையாகத் தெரியும். அதைப் பார்த்த எவரும் எழுத்துருச் சிக்கல் என்று உடனே சொல்லிவிடுவார்கள். இங்கே அந்த உதவி எனக்குக் கிடைக்கவில்லை. பக்கம் தெளிவாகவே இருந்தது. ஆயிரக்கணக்கான வரிகளில் ஒரே ஒரு குறிதான் மாறியிருந்தது.

முதல் அலுவலகத்தின் நிரல்களைப் பல மாதங்கள் கண்ணால் வாசித்திருந்தேன். அந்த வாசிப்பின் அடிப்படையில், நிபந்தனைக் கூற்றுகளில் எத்தனை உடன்பாட்டு வடிவிலும் எத்தனை எதிர்மறை வடிவிலும் உள்ளன என்று எண்ணும் ஒரு சிறு நிரலை எழுதினேன். அதற்கு ¬ மட்டுமே தெரியும். ^ என்பதை நான் அங்கே ஒருமுறையும் கண்டதில்லை. அறியாத குறிகளைத் தனிக் கோப்பொன்றில் ஒதுக்கிவைக்குமாறு எழுதியிருந்தேன். இரண்டாம் அலுவலகத்தின் நிரல்கள் மிகுதியானவை என்பதால் அவற்றைக் கண்ணால் வாசிக்காமல் நேரே எண்ணச் செய்தேன். ஒதுக்கிய கோப்பைத் திறந்து பார்க்கவில்லை.

முடிவு வியப்பூட்டியது. இரண்டாம் அலுவலகத்தின் நிரலாளர்கள் எதிர்மறை நிபந்தனைகளை எழுதவே இல்லை. ஒரே நகரம், ஒரே ஆண்டுகள், ஒரே மொழி. ஆயினும் இரு குழுக்களுக்கு இடையே இத்தனை தெளிவான நடை வேறுபாடு! நிரல் எழுதுவதிலும் பள்ளிகள் உண்டு, மரபுகள் உண்டு என்பதற்குக் கிடைத்த சான்றாக அதைக் கொண்டேன். நான்காம் இயல் முழுவதும் அதன்மேல் எழுந்தது. ஒரு கருத்தரங்கில் வாசித்தேன். பாராட்டினார்கள்.

என்னை இன்றும் உறுத்துவது அதற்குப் பின் நான் செய்தது. இரண்டாம் குழுவில் பணியாற்றி ஓய்வு பெற்ற இருவரைத் தேடிச் சென்று நேர்காணல் எடுத்தேன். “நீங்கள் எதிர்மறை நிபந்தனைகளைத் தவிர்த்தது ஏன்?” என்று கேட்டேன். தவிர்த்தீர்களா என்று கேட்கவில்லை. ஒருவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, புதிதாகச் சேர்ந்தவர்கள் எளிதில் புரிந்துகொள்ள வேண்டும் என்பதில் தம் தலைவர் கண்டிப்பானவர் என்றார். இன்னொரு அம்மையார், “எங்கள் குழு அப்படித்தான் இருந்திருக்கும், எல்லாவற்றையும் நேராகச் சொல்ல வேண்டும் என்பார்கள்” என்றார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆய்வாளர் ஒருவர் அட்டவணையோடு வந்து கேட்கிறார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய நினைவு. அந்த அட்டவணைக்கு ஏற்ற காரணத்தை நினைவு தேடிக் கொடுத்தது. நடக்காத ஒன்றுக்கு இரு நல்ல மனிதர்களிடமிருந்து நான் காரணம் பெற்றுவந்தேன்.

கருத்தரங்கப் படவில்லைக்காக ஒரு நிரலின் திரைப்படம் வேண்டியிருந்தது. மையத்திற்குச் சென்று முனையத்தில் இரண்டாம் அலுவலகத்தின் நிரலொன்றைத் திறந்தேன். ஏழாவது வரியில் ¬= இருந்தது. அடுத்த பக்கத்தில் மூன்று இருந்தன. மடிக்கணினியில் அதே நிரலைத் திறந்தபோது அந்த இடங்களில் ^= இருந்தது. என்ன நடந்தது என்று புரிவதற்கு முன்பே கை குளிர்ந்துவிட்டது.

காகாவை அழைத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கட்டளை வரியில் ‘ஹெக்ஸ் ஆன்’ என்று தட்டினார். ஒவ்வோர் எழுத்தின் கீழும் அதன் பைட் மதிப்பு இரண்டு வரிசையாக விரிந்தது. மறுப்புக்குறியின் கீழே 5, அதன் கீழே எஃப். “பைட் மாறவில்லை, பார். அது முப்பது ஆண்டாக அங்கேயே இருக்கிறது. அதை எப்படி வாசிக்க வேண்டும் என்று நீ சொல்லவில்லை. அதனால் செயலி தனக்குத் தெரிந்தபடி வாசித்தது” என்றார். பிறகு, “முதல் இணைப்பில் 037 இட்டபோது ஏன் என்று நீ கேட்டிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம்” என்றார். அந்த இரண்டாம் வாக்கியத்தை அவர் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

கட்டத்தில் 037 இட்டு நிரல்களை மீண்டும் இறக்கி எண்ணினேன். இரு குழுக்களுக்கும் இடையே பேசத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. நெறியாளரிடம் அன்று மாலையே சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, “கருத்தரங்கிற்கு எழுதிவிட்டாயா?” என்று மட்டும் கேட்டார். எழுதி, கட்டுரையை விலக்கிக்கொண்டேன். நேர்காணல் தந்த இருவரையும் அழைத்து நடந்ததைச் சொன்னேன். முதலாமவர் வாய்விட்டுச் சிரித்தார். அம்மையார் சிரிக்கவில்லை. “அப்படியானால் நான் சொன்னது என்ன?” என்று கேட்டார். எனக்கு மறுமொழி தெரியவில்லை.

போர்ட் எண் தவறினால் இணைப்பு மறுக்கப்படும். சான்றிதழ் தவறினால் எச்சரிக்கை வரும். கடவுச்சொல் தவறினால் கணக்கே முடங்கும். இவை தம் தவறைத் தாமே அறிவிப்பவை. ஆகவே நம் கவனம் முழுவதையும் இவையே எடுத்துக்கொள்கின்றன. இணைப்புக் கிடைத்ததும் அமைவு முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். குறியேற்ற அட்டவணை தவறினால் எதுவும் நிற்காது. இணைப்பு அமைவைத் தொழில்நுட்பப் பணி என்று கருதி நான் ஆய்வு முறையியலுக்கு வெளியே வைத்திருந்தேன். என் ஆய்வேட்டில் நிரல்களைப் பெற்ற விதம் பற்றி ஒரே வாக்கியம்தான் இருந்தது: ‘சேவையகத்திலிருந்து நேரடியாகப் பெறப்பட்டவை.’ நேரடியாக எதுவும் வருவதில்லை. இடையில் ஓர் அட்டவணை வாசித்துக் கொடுக்கிறது.

இப்போது முறையியல் இயலில் இவற்றை எழுதியிருக்கிறேன். இத்தகைய தரவைக் கையாளும் மாணவர்கள் தங்கள் குறிப்பேட்டில் முதல் நாளிலேயே எழுதிக்கொள்ளலாம். எந்தச் சேவையகம், எந்தப் போர்ட், சான்றிதழ் சரிபார்க்கப்பட்டதா. சேவையகப் பக்கத்தில் எந்த அட்டவணை, நம் பக்கத்தில் எது. கோப்பு உரையாக மாற்றிப் பெறப்பட்டதா, மாற்றாமல் பைட்டுகளாகவா. மேலாண்மைக் கருவியின் எந்தக் கட்டத்திலிருந்து, எந்தத் திருத்தத்தை எடுத்தோம். ஒரே பெயருள்ள நிரல் உருவாக்கக் கட்டத்தில் ஒரு வடிவிலும் இறுதிக் கட்டத்தில் வேறு வடிவிலும் இருக்கக்கூடும். எடுத்த நாள். வெறுமையாக விட்ட கட்டங்கள் எவை, அவற்றைச் செயலி எந்த மதிப்பால் நிரப்பிக்கொண்டது.

ஒரு சோதனையும் உண்டு. மேற்சொன்ன ஆறு குறிகளும் உள்ள ஒரு நிரலைச் சேவையகத்தில் தேர்ந்து, அவற்றின் பைட் மதிப்புகளை முனையத்தில் பார்த்துத் தாளில் எழுதிக்கொண்டு, இறக்கிய கோப்பில் அவை என்னவாக வந்துள்ளன என்று ஒப்பிட வேண்டும். அரை மணி நேரம் போதும். எனக்கு அது ஓர் இயலின் விலையாயிற்று.

நான்காம் இயல் இப்போது பாதி அளவில் இருக்கிறது. இரு குழுக்களும் ஏறத்தாழ ஒரே விதமாக எழுதினர் என்பதே அதன் முடிவு. சுவையற்ற முடிவுதான், ஆனால் அந்த நிரல்களில் இருப்பது அதுவே. அம்மையாரைச் சென்ற ஞாயிறு மீண்டும் சந்தித்தேன். இம்முறை அட்டவணையைக் கொண்டுபோகவில்லை. அவர் திருத்திய நிரல்களின் அச்சுப்படியைக் கொண்டுபோனேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் வாசித்தார். தாம் எழுதிய ஒரு ¬= குறியின்மேல் விரலை வைத்து, “இதோ இருக்கிறதே” என்றார்.