கிணற்று நீரும் ஒரு சோடிக் காலுறையும்

யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலிலே, விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு ஒருவன் கம்பளிக் காலுறை பின்னுவதைக் கண்டால் வீதியாற் போவோர் சிரிக்காமல் என்செய்வர்? அதுவும் அவன் கல்லூரியிலே இரசாயனவியல் கற்பிக்கும் ஆசிரியனாக இருந்துவிட்டால், மறுநாள் வகுப்பில் மாணவர் முகங்களில் அரும்பும் புன்னகையையும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். நான் பொறுத்துக்கொண்டேன்.

காலுறையைத் தொடங்கியவர் என் அம்மா. பாட்டனார் நுவரெலியாவில் இலிகிதராக உத்தியோகம் பார்த்த காலத்தில், ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட அவ்வூர்க் குளிரிலே பின்னலூசி பிடிக்கப் பழகியவர். ரொறன்ரோவில் வாழும் அக்கா, "பனிக்காலத்திலை கால் விறைக்குது அம்மா" என்று ஒருநாள் தொலைபேசியிற் சொல்லப்போக, "சாயம் போடாத கம்பளி நூல் அனுப்பு, மேஸ் பின்னித் தாறன்" என்றார் அம்மா.

நூல் வந்தது. மன்னார்ப் பக்கத்து உறவினர் ஒருவர் மணற்றரையிற் கிண்டிக் கொடுத்த சாயவேரிலிருந்து சிவப்பும், அடுக்களையிற் சேர்த்துவைத்த வெங்காயத் தோலிலிருந்து பொன்னிறமும் எடுத்தார். மஞ்சளை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "அது வெயில் பட்டால் ஓடிப்போகும்" என்றார். ஒல்லாந்தர் நம் வடபகுதியிலே சாயவேரைக் கிண்டுவித்து வருமானம் தேடினர் என்பதை மாணவர் அறிவர். 1868இல் கிரேபே, லீபர்மான் என்னும் ஜெர்மானியர் இருவர் அவ்வேரின் சிவப்புக்குக் காரணமான அலிசரினை ஆய்வுகூடத்திலே ஆக்கிக் காட்டினர். அதன்பின் வேரைத் தேடுவார் அருகினர்.

சிவப்பையும் வெள்ளையையும் மாறிமாறி வரியிடத்தான் அம்மா முதலில் எண்ணினார். நாலு வரி பின்னியதும் அது கோயில் மதிலாகவே தோன்றிற்று. "இதைக் காலிலை போடுறதோ!" என்று திடுக்கிட்டு, அவிழ்த்து, இடையிடையே பொன்னிறத்தைச் சேர்த்தார்.

ஒரு காலுறை முடிந்தது. மற்றதைத் தொடங்குமுன் அவருடைய கைகளில் நடுக்கம் கண்டது. ஊசியிலிருந்து கண்ணிகள் நழுவின. சிவப்பு நூலும் தீர்ந்திருந்தது. ஊசிகளை என் மடியிலே போட்டு, "நீ பின்னு தம்பி" என்றார்.

நாலு ஊசிகளில் 16 கண்ணிகள் வீதம் 64. ஐந்தாவது ஊசியாற் பின்ன வேண்டும். குதிக்காலை வளைக்கும் இடத்தில் மூன்று முறை தோற்றேன். வட்டமாகப் பின்னும்போது நிறம் மாறுமிடத்தில் ஒரு படி விழுமல்லவா? அதைப் பின்புறமாக ஒதுக்கி மறைக்கும் வித்தையை அம்மா விரலாற் காட்டினார்; விரல் நடுங்கிற்று, காட்டிய இடம் பிசகவில்லை.

சாயத்தில் மாத்திரம் எனக்குப் பாடம் வேண்டாம் என்று இறுமாந்திருந்தேன். 100 கிராம் கம்பளிக்கு 10 முதல் 12 கிராம் வரை என்று படிகாரத்தை நிறுத்து, தூய்மை கருதிக் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றி, வெப்பமானி வைத்துச் சூடாக்கினேன். வந்ததோ மங்கலான செங்கல் நிறம்! அம்மா எட்டிப் பார்த்தார். "கிணத்துத் தண்ணியிலை வைச்சிருக்கலாமே."

அப்போதுதான் உறைத்தது. அலிசரின் படிகாரத்திலுள்ள அலுமினியத்தோடு கல்சியமும் சேர்ந்தாற்றான் நல்ல சிவப்பைத் தரும். நம் தீபகற்பம் சுண்ணக்கற் பாறைமேல் இருப்பது. கேத்திலின் அடியிற் படியும் வெண்படை அதற்குச் சாட்சி. தூய்மைப்படுத்துகிறேன் என்று சிவப்புக்கு வேண்டியதையே நான் நீக்கிவிட்டேன். பட்டதாரிக்கு இது சிறிய அவமானமன்று. அடுத்த நாள் கிணற்று நீரும் புதிய வேரும் இட்டு அதே நூலை மீண்டும் தோய்த்தேன். ஒரு கழியை அவசரத்திற் கொதிநீரிலிருந்து தண்ணீரில் அமிழ்த்தி, அது சுருங்கித் திரண்டதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மிஞ்சிய நூல் சிவந்தது. ஆனால் அம்மாவின் சிவப்பாகவில்லை. இரண்டு காலுறைகளையும் மடியில் வைத்து நெடுநேரம் பார்த்தவர், "என்ரையை அவிழ். ரெண்டு சிவப்பையும் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றாய்ச் சேர்த்து, ரெண்டு காலையும் நீயே பின்னு. அப்பத்தான் ஒத்துவரும்" என்றார்.

தொழிலறிந்தவர் சொல்லும் முறையும் அதுதான். நூலின் நுனியைக்கூடக் கண்டுபிடித்துவிட்டேன். இழுக்கக் கை வரவில்லை. அந்தக் கைகள் இனி ஒன்று பின்னமாட்டா. அவிழ்க்கிறேன் என்று தலையாட்டிவிட்டு, மறுநாட் காலை அஞ்சலகத்தில் இரண்டையும் அப்படியே அனுப்பினேன்.

மூன்று வாரங் கழித்து அக்கா பேசினாள். காலுறை போட்டுக்கொண்டுதான் பேசுகிறாளாம். "நிறம் ரெண்டும் ஒண்டோ பிள்ளை?" என்று அம்மா கேட்டார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

"ஒரே நிறம் அம்மா" என்றாள் அக்கா.

அம்மா தொலைபேசியை வைத்துவிட்டு என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். பின்பு அடுக்களைப் பக்கம் திரும்பி நடந்தவாறே சொன்னார்: "அடுத்தமுறை நூலைக் கொஞ்சம் கூட அனுப்பச் சொல்லு தம்பி. முழுவதையும் ஒரே பானையிலை தோய்ப்பம்."