முயலுக்குப் போதும் மொட்டை அம்பு

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். 1911-க்குப் பிறகான சில வருடங்கள் இப்படித்தான். நடுவில் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். இடது உள்ளங்கையில் மான் தோலை விரித்து, அதன் மேல் உடைந்த பாட்டில் துண்டு ஒன்றை வைத்து விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். வலது கையில் ஒரு குச்சி. அதன் நுனியில் மான் கொம்பு கட்டியிருக்கும்.

கண்ணாடியின் விளிம்பில் கொம்பை வைத்து ஓர் அழுத்து. சின்னதாக ஒரு செதில் தெறிக்கும். திருப்பி வைத்து இன்னோர் அழுத்து. அரை மணி நேரம் போனால் பீர் பாட்டில் துண்டு, இலை போல மெல்லிய அம்பு முனையாகிவிடும். நீல நிற மருந்து பாட்டில் கிடைத்தால் முனை இன்னும் அழகு. சில நேரம் சில்லு கண்ணில் தெறித்துவிடும். ஒரு விரலால் கீழ் இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தன் தலையில் தானே ஒரு தட்டு. சில்லு வெளியே வந்து விழும். மறுபடி வேலை.

அவர் பெயர் இஷி. அது அவருடைய சொந்தப் பெயர் அல்ல. யாஹி மக்களிடம் ஒருவர் தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ளும் வழக்கம் இல்லை. தன் ஆட்களில் இன்னொருவர்தான் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல ஒருவரும் மிச்சமில்லை. அதனால் பேராசிரியர் ஆல்ஃபிரட் குரோபர், அந்த மொழியில் ‘மனிதன்’ என்று பொருள்படும் சொல்லையே பெயராக வைத்தார். 1911 ஆகஸ்ட் 29 அன்று கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில், ஒரு இறைச்சிக் கூடத்தின் அருகே பசியால் வாடிக் கிடந்தவர் இஷி. அங்கிருந்து அருங்காட்சியகத்துக்கு அழைத்துவரப்பட்டு, துப்புரவு வேலையில் உதவியாளராக மாதம் 25 டாலர் சம்பளத்தில் சேர்ந்தார்.

கூட்டம் வாய் பிளந்து பார்த்த அந்தக் கண்ணாடி முனைகளில் பல, வந்தவர்கள் கைக்கே போய்ச் சேர்ந்தன. எந்த மானையும் அவை பார்க்கவில்லை. மலையில் இருந்த காலத்தில் முயலுக்கும் காடைக்கும் அணிலுக்கும் இவ்வளவு மெனக்கெட்ட முனை தேவைப்படவும் இல்லை. சிறு வேட்டைக்கு அவர் எடுக்கும் அம்பில் கல் முனையே கிடையாது. நுனியில் தசைநாரை ஈரமாகச் சுற்றிவிட்டால் காய்ந்ததும் இறுகிக்கொள்ளும். அவ்வளவுதான்.

சோம்பலால் வந்த பழக்கம் அல்ல இது. கூர் முனை மானுக்குச் சரி. ஆழமாக வெட்டி ரத்தம் போக வைக்கும். வேட்டைக்காரர் அந்தத் தடத்தைப் பிடித்துப் போகலாம். அதே முனை முயலின் மேல் பட்டால், சின்ன உடம்பைத் துளைத்து மறுபக்கம் போய்விடும். முயலோ அம்பும் காயமுமாக வளைக்குள் ஓடிவிடும். இறைச்சியும் போச்சு, அம்பும் போச்சு, அந்த ஜீவன் உள்ளே கிடந்து துடிப்பதுதான் மிச்சம். மொட்டை முனை துளைக்காது, அடிக்கும். ஒரே அடியில் முயல் அங்கேயே விழும். மரக்கிளையில் இருக்கும் அணிலுக்குக் குறி வைத்துத் தவறினாலும் அம்பு கட்டையில் குத்தி நிற்காமல் கீழே விழுந்துவிடும். எடுத்து மறுபடி தொடுக்கலாம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. எரிமலைக் கண்ணாடிக் கல்லில் செய்த முனை எஃகை விடக் கூர்மையானது. ஆனால் பாறையில் பட்டால் நொறுங்கிவிடும். அரை மணி நேர வேலையை ஒரு காடைக்காகப் பாறையில் அடித்து நொறுக்க எந்த வேட்டைக்காரருக்கு மனசு வரும்?

இதையெல்லாம் அருகில் இருந்து பார்த்தவர் டாக்டர் சாக்ஸ்டன் போப். பக்கத்து மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சை கற்றுக்கொடுத்தவர். இஷிக்கு உடம்பு சரியில்லாதபோது பார்க்க வந்தவர், கடைசியில் அவரிடமே வில் பிடிக்கக் கற்றுக்கொண்டார். இஷி அவரை ‘குவி’ என்று அழைப்பார். வைத்தியர் என்று பொருள்.

தூரத்தில் வைத்த இலக்குப் பலகையை அடிப்பதில் இஷி ஒன்றும் கில்லாடி இல்லை. அவருக்கு அது அர்த்தமில்லாத விளையாட்டு. இருபது கெஜத்துக்குள் காடை அளவு பொருளைக் காட்டினால் அநேகமாகத் தப்பாது. நின்று எய்வதை விடக் குந்தி உட்கார்ந்து எய்வதுதான் அவருக்குப் பிடித்தம். இரண்டு விரல்களை உதட்டில் வைத்து உறிஞ்சி, அடிபட்ட முயல் கத்துவது போல ஒரு சத்தம் எழுப்புவார். புதரிலிருந்து முயல் தானே வெளியே வரும். தூரத்தைக் குறைக்கத் தெரிந்தவருக்கு மொட்டை அம்பு போதும்.

போப் அதே வேலையைத் தன் பட்டறைச் சாமான்களை வைத்துச் செய்தார். அம்பின் நுனியில் மெல்லிய கம்பியைச் சுற்றி ஈயம் பற்றவைத்து, நடுவில் துளை போட்டு, உருண்டைத் தலை ஸ்க்ரூ ஒன்றைத் திருகினார். தசைநாருக்குப் பதில் கம்பி. யோசனை அதேதான். 1923-ல் அவர் எழுதிய வில் வேட்டை நூலைப் படித்து வில்லை எடுத்த அமெரிக்கர்கள் ஏராளம். இன்றும் அங்கே சுட்டு முடித்த துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை உறையை அம்பு நுனியில் மாட்டி முயல் வேட்டைக்குப் போகிறவர்கள் உண்டு. கடையில் ரப்பர் முனை கிடைக்கிறது. நாலு பக்கமும் கம்பிக் கால் நீட்டிய முனையும் கிடைக்கிறது. அம்பு புல்லுக்கடியில் நுழைந்து காணாமல் போகாமல் அந்தக் கால்கள் பிடித்துக்கொள்ளும். அம்பைத் தொலைத்துவிட்டு அரை நாள் புல்லைக் கிளறியவர்கள்தான் இதன் அருமையைச் சொல்ல வேண்டும்.

இவர்களுக்கெல்லாம் அது விடுமுறை நாள் பொழுதுபோக்கு. இஷிக்கு அப்படி இல்லை. 1860-களில் குடியேறிகள் யாஹி மக்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். தப்பிய சிலர் டீர் க்ரீக் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ நாற்பது வருடம் மறைந்து வாழ்ந்தார்கள். துப்பாக்கி வெடித்தால் மலை முழுக்கக் கேட்கும். வில்லுக்குச் சத்தமில்லை. காணாமல் போகாத, உடையாத, மறுபடி எடுத்து எய்யக்கூடிய ஒரு மொட்டை அம்பு அந்த நாற்பது வருடத்தில் எத்தனை வேளைச் சாப்பாடாக இருந்திருக்கும்! 1908-ல் நில அளவையாளர்கள் அந்த மறைவிடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்த சாமான்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அதன் பிறகு சீக்கிரமே தாயும் போய், இஷி தனியாளானார்.

அவர் கதையை ‘கடைசி யாஹி’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். அவர் கையால் செய்த முனைகள் அந்த ஒரு வரிக்குள் அடங்க மறுக்கின்றன. 1990-களில் பெர்க்லி தொல்லியலாளர் ஸ்டீவன் ஷாக்லி, இஷியின் முனைகளைப் பழைய யாஹி இடங்களில் கிடைத்த முனைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பொருந்தவில்லை. இஷியுடையவை நீளமானவை; கட்டுவதற்கான வெட்டு பக்கவாட்டில் இருந்தது. அவை அண்டை இனத்தவரான வின்டு, நோம்லாகி மக்களின் முனைகளையே ஒத்திருந்தன. கொலைக்குத் தப்பி ஓடிய காலத்தில் இனம் பார்க்காமல் ஒன்று சேர்ந்தவர்கள் இருந்திருக்கலாம். சின்னப் பையனாக இருந்த இஷிக்கு மான் கொம்பைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்த கை, ஒருவேளை வேறு இனத்துக் கையாக இருந்திருக்கலாம். சொந்தப் பெயரைக்கூடச் சொல்லாமல் இருந்த மனிதர், அதை மட்டும் ஞாயிறுதோறும் எல்லார் முன்னாலும் செய்து காட்டிக்கொண்டிருந்தார்.

1916 மார்ச் 25 அன்று காசநோயில் இறந்தார். கடைசி நாள்களில் பார்த்துக்கொண்டவர் போப்தான். உடலைத் தகனத்துக்கு அனுப்பும்போது நண்பர்கள் சில பொருள்களைக் கூடவே வைத்தார்கள். அவருடைய வில், ஐந்து அம்புகள், ஒரு கூடை ஓக் கொட்டை மாவு, சிப்பி மணிகள், கொஞ்சம் புகையிலை, செதுக்காத எரிமலைக் கண்ணாடிக் கல் சில்லுகள்.