செட்டில் ஆகாத பொடி

கார் மெக்கானிக் கையில் ஒட்டியிருக்கும் கறுப்பு கிரீஸைப் பார்த்திருப்பீர்கள். சி.வி. ஜாயின்ட்டுக்குப் போடுகிற அந்த கிரீஸில் கலந்திருப்பது மாலிப்டினம் டைசல்ஃபைடு. பூமியில் தோண்டினால் கிடைக்கும். பார்க்க பென்சில் கரி மாதிரியே இருக்கும். இரண்டும் வேறு வேறு என்று 1778ல் ஷீலே என்கிற விஞ்ஞானி காட்டினார்.

பி.காம். படித்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா? என் சித்தி பையன் இந்தப் பொடியில்தான் பி.எச்டி. செய்கிறான். 'மூணு வருஷமா எதையோ காய்ச்சிட்டிருக்கான். எப்ப செட்டில் ஆவான்னு கேட்டுட்டு வாடா' என்று சித்தி என்னை அனுப்பினார். மாதச் சம்பளம் இல்லாமல் பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிற என்னை!

லேபில் இருந்தது சாட்சாத் குக்கர். ஸ்டீல் உருளை, உள்ளே டெஃப்லான் கிண்ணம், விசில் மட்டும் கிடையாது. அம்மோனியம் மாலிப்டேட், தயோயூரியா, தண்ணீர் விட்டு இறுக மூடி, 180 டிகிரியில் ஒரு நாள் பூரா வேக வைக்கிறான்.

"இதுக்குப் பேர் ஹைட்ரோதெர்மல்ண்ணே."

"எங்க வீட்ல இதுக்குப் பேர் பருப்பு" என்றேன். பயல் சிரிக்கவில்லை.

அவனுக்கு வேண்டியது கிரீஸ் வகை அல்ல, உலோக வகை. இரண்டிலும் ஒரு மாலிப்டினத்தைச் சுற்றி ஆறு கந்தகம். மேலே மூன்று, கீழே மூன்று. மேல்வரிசைக்கு நேர் கீழே கீழ்வரிசை உட்கார்ந்தால் வெறும் அரைக்கடத்தி. கீழ்வரிசை கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தால் உலோகம் மாதிரி கரண்ட் பாயும். அவ்வளவுதான் வித்தியாசம்! 2015ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மனிஷ் சோவாலா குழுவினர், இதை வைத்து ஒரு கன சென்டிமீட்டருக்கு 400 முதல் 700 ஃபாரட் வரை மின்சாரம் சேமித்துக் காட்டினார்கள். ஆனால், அந்த வழிக்குக் காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் பியூட்டைல் லித்தியம் வேண்டும். குக்கருக்கு அந்த ஆபத்து இல்லை.

எது எந்த வகை என்று கண்ணுக்குத் தெரியாது. லேசர் அடித்துப் பார்க்க வேண்டும். நம்ம சி.வி.ராமன் 1928ல் கண்டுபிடித்த விளைவுதான். 383, 408 அலையெண்களில் மட்டும் சிகரம் வந்தால் கிரீஸ். 150, 226, 330 பக்கம் குட்டிச் சிகரங்களும் எட்டிப் பார்த்தால் உலோகம்.

"இதுல ஒரு கஷ்டம்ண்ணே. சூடு அதிகமானா கிரீஸ் வகைக்கு மாறிடும். அதுதான் இதுக்கு சௌகரியமான நிலை. அடுக்குக்கு நடுவுல அம்மோனியம் புகுந்து முட்டுக் கொடுக்கறதால இப்படி நிக்குது."

"சௌகரியமா செட்டில் ஆனா நல்லதுதானேடா?"

"செட்டில் ஆனப்புறம் கரண்ட் பாயாதுண்ணே!"

வந்த விஷயத்தை அதற்கப்புறம் நான் எப்படிக் கேட்பது?

மாசா மாசம் அதே பொடியை எடுத்து லேசர் அடிக்கிறான். எத்தனை நாள் தாங்குகிறது என்பதில்தான் இருக்கிறது அவனுடைய பட்டம். பாட்டில் மேல் ஒட்டிய தேதிக்கு ஐந்து மாதம் ஆகிறது. குட்டிச் சிகரங்கள் அப்படியே இருக்கின்றன. பொடியும் செட்டில் ஆகவில்லை, பையனும் ஆகவில்லை. இப்போதைக்கு இரண்டுமே நல்ல செய்தி.