எந்த கேமரா வாங்கலாம், டீச்சர்?



இந்த மாதத்தில் மட்டும் ஐந்தாறு பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், ஊர்ல அம்மா அப்பா மட்டும்தான் இருக்காங்க. எந்த கேமரா வாங்கலாம்?" எங்கள் பெரியக்கா வீட்டில் கேமரா மாட்டிய கதை காதுக்குக் காது போயிருக்கிறது போல. ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

அக்கா வீடு வேடசந்தூர் பக்கம் தோட்டத்துக்குள் இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் வேறு வீடில்லை. 2024 நவம்பரில் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் தாய், தந்தை, மகன் மூவரும் கொல்லப்பட்டார்கள். சில மாதங்களில் சிவகிரி அருகே தனியாக இருந்த வயதான தம்பதிக்கும் அதே கதி. அந்தச் செய்திகளுக்குப் பிறகு வெளிநாட்டில் இருக்கும் அக்கா பையன்கள் இரண்டு பேருக்கும் தூக்கம் போய்விட்டது. ஹாலில் வைக்க, சுற்றிச் சுற்றிப் பார்க்கும் வைஃபை கேமரா ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, "சித்தி, நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க" என்று என்னைப் பிடித்தார்கள்.

அக்கா கேட்கவில்லை. "திருடன் யாருன்னு பாக்கத்தானே வைக்கிறீங்க? நான் சோறு திங்கிறத எதுக்குடா பாக்கணும்?" என்றார்.

எனக்கு அந்தக் கேள்வி சரியென்று பட்டது. பையன்கள் கேட்பதில் இரண்டு விஷயம் கலந்து கிடந்தது. ஒன்று, வெளியாள் உள்ளே வரக்கூடாது. இன்னொன்று, அம்மா நன்றாக இருக்கிறாளா என்று தெரிய வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெட்டி மருந்தாகாது.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். கேமரா திருடனைத் தடுக்காது. என்னிடம் படித்தவர்களுக்கு ஒரே வரியில் புரியும்: கேமரா என்பது க்ளாஸ் லீடர். நான் ஹெச்.எம். அறைக்குப் போய்விட்டு வருவதற்குள் பேசினவன் பெயரைக் கரும்பலகையில் எழுதி வைப்பான். பேச்சை நிறுத்த அவனால் ஆனதில்லை. முதுகுக்குப் பின்னால் நடந்தது அவனுக்குத் தெரியாது. (தன் கூட்டாளி பெயரை விட்டுவிடுவான், அது தனிக் கதை.) தடுப்பது கதவும் பூட்டும்தான். திண்டுக்கல்லில் இருந்துகொண்டு இதை நான் சொல்லித்தானா தெரிய வேண்டும்? 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு நம்முடையது. சாவி போட்டுத் திருப்பினால் மணியடிக்கும் பூட்டே இங்கே செய்திருக்கிறார்கள். இன்று அலாரம் என்று விற்பதற்கு அது பாட்டன். அக்கா வீட்டில் முதல் செலவு பின்கதவுக்குத்தான். உளுத்துப்போன நிலையை மாற்றி, உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாளும் நல்ல லீவர் பூட்டும் போட்டோம். அதற்குப் பிறகுதான் கேமரா.

கடைக்குப் போனால் "எத்தனை மெகாபிக்சல் வேணும்?" என்பார்கள். நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியது, "எத்தனை அடி தூரத்தில் முகம் தெரியும்?" என்பதை. தெரியாத ஒருவரின் முகத்தை அடையாளம் காண, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகளாவது விழ வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பரவலாக வைத்திருக்கும் அளவு. 2 மெகாபிக்சல் கேமராவில் அகலவாக்கில் 1920 புள்ளிகள். வகுத்துப் பாருங்கள்: ஏழரை மீட்டர் அகலம்தான் கிடைக்கும். 2.8 மி.மீ. லென்ஸ் போட்டால் முற்றம் முழுவதும் விரிந்து அழகாகத் தெரியும், ஆனால் சுமார் 4 மீட்டரைத் தாண்டினால் முகம் கலங்கிவிடும். 6 மி.மீ. லென்ஸில் காட்சி குறுகும், முகம் சுமார் 8 மீட்டர் வரை நிற்கும். ஆகவே முற்றத்துக்கு ஒன்று, கேட்டுக்கு ஒன்று என்று லென்ஸ் மாற வேண்டும். நாலு கேமராவையும் ஒரே லென்ஸில் மாட்டிவிட்டுப் போவதுதான் இங்கே வழக்கம்.

உயரமும் முக்கியம். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் மாட்டினால் வருகிறவனின் உச்சந்தலைதான் பதிவாகும். எட்டு, ஒன்பது அடி போதும். கிழக்குப் பார்த்த வாசல் என்றால் காலை வெயில் எதிரே அடித்து முகம் கருத்துவிடும். வெளிச்சத்தைச் சமன்செய்யும் வசதி இருக்கிற கேமராவாகக் கேட்டு வாங்குங்கள், பெட்டியில் டபிள்யூ.டி.ஆர். என்று போட்டிருக்கும். இரவில் அகச்சிவப்பு விளக்கைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடி எட்டுக்கால்பூச்சி வரும், வலை பின்னும். வாரம் ஒருமுறை ஒட்டடைக் கம்பு போட ஆள் வேண்டும். கவிழ்த்த கிண்ணம் போன்ற டோம் கேமரா தாழ்வாரத்துக்குள் சரி. நம் புழுதிக்கு வெளியே வைத்தால் மூடி மங்கி இரவில் மூடுபனி மாதிரி தெரியும். வெளியே நீள்உருளையான புல்லட் வகைதான் எனக்குப் பிடித்தது. பார்த்தவுடனே கேமரா என்று தெரியும், அதுவும் ஒரு பயம்தானே.

சுற்றும் கேமராவை எதற்கு வேண்டாம் என்றேன் என்று கேட்டால், அது கிழக்கே பார்க்கும்போது மேற்கே வந்தவன் பதிவில் இல்லை. அதோடு, அந்த வகையில் பெரும்பாலும் பதிவு அதற்குள்ளேயே மெமரி கார்டில்தான் இருக்கும். கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போனால் சாட்சியும் சேர்ந்தே போய்விடும். "மிளகாய்ப்பொடி தூவிவிட்டு ஹார்டு டிஸ்க்கையும் எடுத்துச் சென்றனர்" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது பேப்பரில் படிக்கிறோம். பதிவுப் பெட்டியை டி.வி.க்குக் கீழே அலங்காரமாக வைக்காதீர்கள். அக்கா வீட்டில் காற்றுப் போகிற மாதிரி பரணில், பழைய அண்டாக்களுக்குப் பின்னால் இருக்கிறது. கேட் வரைக்கும் கம்பி இழுத்தோம். மின்சாரமும் படமும் ஒரே நெட்வொர்க் கம்பியில் போகும், 100 மீட்டர் வரை தாங்கும். வைஃபை தோட்டம் தாண்டாது. மாதாந்திர மின்தடை நாளில் கேமராவும் தூங்காமல் இருக்க, பதிவுப் பெட்டியையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டரில் சேர்த்தாயிற்று.

இனி ஒரு கணக்கு. ஒரு கேமரா வினாடிக்கு 2 மெகாபிட் எழுதினால் நாளுக்கு 21.6 ஜி.பி. நாலு கேமராவுக்கு 86.4 ஜி.பி. ஒரு டி.பி. டிஸ்க் எத்தனை நாளைக்கு வரும்? பதினொன்றரை நாள். அப்புறம் பழையதின் மேலேயே எழுதும். ஒரு மாதம் மகன் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறீர்கள், மூன்றாம் நாள் திருட்டு நடந்திருக்கிறது என்றால், டிஸ்க்கில் இருப்பது காலி முற்றம்தான்.

இது சின்ன விஷயமில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோன தந்தையும் மகனும் இறந்த பிறகு, விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிய அறிக்கையில் ஒரு விவரம் இருந்தது. கேமராக்கள் இருந்தன. ஒரு டி.பி. டிஸ்க்கில் இடமும் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி அமைத்து வைத்திருந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் இரவிலும் தெரியும், ஒலியும் பதியும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த அளவு டிஸ்க் கிடைக்காத இடத்தில்கூட ஒரு வருடத்துக்குக் குறையக்கூடாது என்றது. அந்தச் செய்தியைப் படித்த பிறகு கேமரா விளம்பரங்களை நான் படத்தைப் பார்த்து மதிப்பதில்லை. பொருத்த வருகிற தம்பியிடம் எத்தனை நாள் பதிவு நிற்கும் என்று கேளுங்கள், உங்கள் கண்முன்னே பழைய தேதி ஒன்றைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பெட்டியின் கடிகாரம் சரியா என்றும் பாருங்கள். நேரம் தப்பான சாட்சியை எதிர்க்கட்சி வக்கீல் சும்மா விடமாட்டார்.

பாஸ்வேர்டை அந்தத் தம்பி வைத்தபடியே விடாதீர்கள். 2016-ல் மிராய் என்ற நச்சு நிரல், கம்பெனி போட்ட பாஸ்வேர்டை மாற்றாத லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்து அமெரிக்காவில் இணையத்தையே தடுமாற வைத்தது. 2025 தொடக்கத்தில் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் அறைக் காட்சிகள் களவுபோய் விற்பனைக்கு வந்தன. அந்தப் பெண்களை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது. 2025 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கும் கேமராவுக்கு அரசின் பாதுகாப்புச் சோதனைச் சான்று கட்டாயம். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பெயரில்லாத சரக்கு வேண்டாம்.

இப்போது அந்த இரண்டாவது விஷயம். கொல்கத்தாவில் ஒரே வீட்டில் வாழ்ந்த சகோதரர்களுக்குள் ஒரு வழக்கு. உடன் வசிப்பவர் சம்மதம் இல்லாமல் வீட்டுக்குள் கேமரா இயக்கக்கூடாது என்று 2025-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அண்ணன் தம்பிக்குச் சொன்னது அம்மாவுக்குப் பொருந்தாதா? பையன்களிடம் இதைச் சொன்னேன். பெரியவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "விழுந்து கிடந்தா எப்படி சித்தி தெரியும்?" என்றான். நியாயமான பயம். அதற்கு அக்காவே வழி சொன்னார்: காலை ஆறரைக்குப் பால்காரர் வந்ததும் அவர் போன் பண்ணுவார், ஏழு மணிக்குள் பண்ணாவிட்டால் பையன் பண்ணுவான், எடுக்காவிட்டால் பால்காரர் திரும்பிப் போய்ப் பார்ப்பார். கட்டில் பக்கத்தில் அழைப்பு மணி ஒன்று, அது மோட்டார் ரூமில் தங்குகிற குடும்பத்துக்குக் கேட்கும். காவல் உதவி செயலியும் போனில் ஏற்றியாயிற்று. அதில் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பழக்கியிருக்கிறேன்.

வீட்டுக்குள் கேமரா கிடையாது. கேட்டுக்கு ஒன்று, முற்றத்துக்கு ஒன்று, பின்வாசலுக்கு ஒன்று, மோட்டார் ரூமுக்கு ஒன்று. பையன்கள் போனில் இந்த நாலும் தெரியும்.

அக்கா ஒன்று கேட்டார், நான் யோசிக்காதது. "அவனுங்க அங்க இருந்து பாக்குறது இருக்கட்டும். கதவைத் திறக்குறதுக்கு முன்னாடி நான் பாக்க வேணாமா?" அடுப்படி ஜன்னல் பக்கம் சின்னத் திரை ஒன்று மாட்டிக் கொடுத்தோம். இப்போது குழம்பு கொதிக்கும்போது கேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். மாட்டிய மூன்றாம் நாள் என்னிடம் புகார்: நம் வரப்பு வழியாகப் பக்கத்துத் தோட்டத்து ஆடு தினமும் பதினோரு மணிக்கு வருகிறதாம், இத்தனை நாள் தெரியவில்லையாம்.

கேள்வி கேட்கிறவர்கள் வீட்டு வரைபடம் ஒன்றைத் தாளில் போட்டு அனுப்புங்கள். கேட்டிலிருந்து வாசலுக்கு எத்தனை அடி, வாசல் எந்தத் திசை, இரவு விளக்கு எங்கே, வீட்டில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்பதும் வேண்டும். கடைசிக் கேள்விக்கு அம்மாவையோ அப்பாவையோ நேரில் கேட்டு எழுதுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் போன் பண்ணலாம்.