புரிசையில் ஓர் இரவு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்

சுற்றுலா சென்று வந்தவர்கள் தாம் கண்ட கோயிலையும் கடலையும் பற்றி எழுதுவது வழக்கம். காஞ்சிபுரத்தையும் மாமல்லபுரத்தையும் பற்றி ஆண்டு மலர்களில் எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். ஆகவே, அவ்விரு ஊர்களுக்கும் போகும் வழியில் ஓர் இரவு மட்டும் எங்கள் வண்டி நின்ற சிற்றூரைப் பற்றி எழுத விரும்புகிறேன். அந்த ஊரின் பெயர் புரிசை.

சென்ற மாசி மாதம் மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் வந்தது. ஆம்பூரில் எங்கள் தெருவைச் சேர்ந்த மூன்று குடும்பத்தார் ஒன்றுகூடி ஒரு வேனை வாடகைக்குப் பேசினோம். பதினேழு பேர் மூன்று வேளையும் ஓட்டலில் சாப்பிடக் கட்டுபடியாகுமா? அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை, பாய், தலையணை எல்லாம் வேனின் கூரையில் ஏறின. மரத்தடி கண்ட இடத்தில் சமையல்; மண்டபம் கண்ட இடத்தில் உறக்கம் என்பதுதான் எங்கள் திட்டம்.

அமெரிக்காவில் அடுப்பும் படுக்கையும் உள்ளேயே அமைந்த வண்டிகளில் குடும்பம் குடும்பமாக ஊர் சுற்றுகிறார்கள். அவ்வாறு சுற்றுவோர் விரும்பித் தங்கும் ஊர்களில் ஒன்று மிசோரி மாநிலத்துப் பிரான்சன். 1959-இல் சில சகோதரர்கள் அங்கே பாட்டும் நகைச்சுவையுமாக மேடை நிகழ்ச்சி நடத்தத் தொடங்கினார்கள். 1967-இல் பிரெஸ்லி என்ற குடும்பத்தார் நெடுஞ்சாலை ஓரமாகவே ஓர் அரங்கு கட்டினார்கள். இன்று அங்கு வாழ்வோர் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். ஆனால் நிகழ்ச்சிகளை நேரில் காண ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் அந்தச் சிற்றூரைத் தேடி வருகிறார்கள். இதைப் படித்தபோது, ‘நம் பக்கத்தில் இப்படி ஓர் ஊர் உண்டா?’ என்று எண்ணினேன். உண்டு என்று காட்டியவர் என் தாயைப் பெற்ற ஆயா.

ஆயா பிறந்தது செய்யாற்றுப் பக்கம். பள்ளிகொண்டா, வேலூர் கடந்து ஆற்காட்டை நெருங்கும்போது ஆயா ஓட்டுநரை அழைத்துச் சொன்னார்: “காஞ்சிபுரத்துக் கோயில் எங்கேயும் ஓடிப்பூடாது. இன்னிக்கு ராத்திரி புரிசையில கூத்து. வண்டிய அந்தப் பக்கமா விடுப்பா.” எங்களில் இளையவர்கள் முணுமுணுத்தார்கள். என் அப்பா மட்டும், “அம்மா சொல்றாங்க இல்ல, போவலாம்” என்றார். வண்டி நெடுஞ்சாலையை விட்டுச் செய்யாற்றுச் சாலையில் திரும்பியது.

1989 வரை ஆம்பூரும் புரிசையும் வடாற்காடு என்னும் ஒரே மாவட்டத்தில் இருந்தவை. இன்று புரிசை திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆம்பூரோ 2019-இல் உருவான திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. இவ்வளவு அருகில் இருந்தும் இந்த ஊரின் பெயரை நான் அதுவரை கேட்டதில்லை.

பார்வைக்கு அது வயலும் ஏரியும் சூழ்ந்த சாதாரணக் கிராமம். பிரான்சனைப் போல விளக்கு அலங்காரமோ பெரிய அரங்குகளோ இல்லை. ஆனால் தெருக்கூத்து என்றால் அறிஞர்கள் முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று புரிசை. துரைசாமித் தம்பிரான், நடேசத் தம்பிரான், கண்ணப்பத் தம்பிரான் என்று தலைமுறை தலைமுறையாகக் கூத்தே வாழ்வாகக் கொண்ட குடும்பம் இவ்வூரினது. எழுத்தாளர் ந. முத்துசாமி நடேசத் தம்பிரானின் கூத்தைக் கண்டு வியந்து, தமிழ் நாடகத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று கருதினார். 1977-இல் அவர் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறைக்கு அந்த வியப்பே தூண்டுகோல். கொலம்பியா நாட்டு எழுத்தாளர் கார்சியா மார்க்வெஸின் சிறுகதை ஒன்றையும் புரிசைக் கலைஞர்கள் கூத்தாக்கி ஆடியிருக்கிறார்கள். நாம் அறியாத நம் பக்கத்து ஊரை உலகம் அறிந்திருக்கிறது!

இரவு உணவை ஏரிக்கரையிலேயே சமைத்து முடித்து, பாயைச் சுருட்டிக்கொண்டு களரிக்குப் போனோம். வெட்டவெளியில் ஒரு பந்தல். பின்பக்கம் ஒரு பெஞ்சு. அதில் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம். முன்னே மண் தரை. மேடைச் சீட்டு, முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு எதுவும் கிடையாது. முதலில் வந்தவர் முன்னால் உட்காரலாம்.

அன்றைய கூத்து கர்ண மோட்சம். இருவர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்து நிற்க, அதன் பின்னிருந்து பாட்டோடு வேடம் வெளிப்படும். திரை விலகியதும் கர்ணன் சுழன்று சுழன்று ஆடினான். தலையில் கிரீடம், தோளில் புஜகீர்த்தி, மார்பில் பதக்கம். எல்லாம் இலேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டுகள் ஒட்டியவை. அந்தச் சுமையோடு எத்தனை நாழிகை ஆட்டம்! இடையிடையே கட்டியக்காரன் வந்து அரசனையும் கேலி செய்தான், எங்களையும் கேலி செய்தான். முணுமுணுத்த இளையவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

நள்ளிரவுக்குப் பின் பொன்னுருவி கட்டம் வந்தது. தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன், பிறப்பு இன்னதென்று தெரியாதவன் என்று கணவனை இகழ்ந்தே வாழ்ந்தவள் பொன்னுருவி. பதினேழாம் நாள் போருக்குப் புறப்படும் கர்ணன் அவளிடம் விடைபெற வந்து நிற்கிறான். நாடெல்லாம் கொடைவள்ளல் என்று போற்றினாலும், சொந்த வீட்டு வாசலில் அவன் தலை குனிகிறது. என் அருகில் அப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

நண்பர்களே, என் அப்பா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். தோல் பதனிடும் ஆலையில் சுண்ணாம்புக் குழியில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை செய்கிறார். சுண்ணாம்பு அவருடைய விரல் நகங்களைத் தின்றுவிட்டது. என்னைக் கல்லூரியில் சேர்க்க வந்த நாளில், கையெழுத்துப் போட்ட மறுகணமே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். வேலை முடிந்து வரும்போது பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் மூக்கைப் பொத்தினால், எழுந்து படிக்கட்டருகே போய் நின்றுகொள்வார். யாரிடமும் ஒரு சொல் சொன்னதில்லை.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மூன்று மணிக்கு மேல் பனி இறங்கியது. மிருதங்கத்தின் ஓசை மங்கியது போல் எனக்குத் தோன்றவில்லை, அப்பாவுக்குத் தோன்றியது. “தோலு நெகிழ்ந்துடுச்சு. இப்ப தட்டுவார் பாரு” என்றார். சொல்லி வாய் மூடவில்லை, மிருதங்கக்காரர் சிறு கல்லையும் கட்டையையும் எடுத்து விளிம்பைச் சுற்றிலும் தட்டிச் சுருதி கூட்டத் தொடங்கினார்.

சிறிது இடைவேளை விட்டார்கள். தேநீர்க் கடையில் அப்பா அவரருகே சென்று, “வலந்தலை மூட்டு புதுசாப்பா?” என்று கேட்டார். அவர் வியப்போடு பார்த்து, “தோல் வேலையாண்ணா?” என்றார். “ஆமாம்பா, ஆம்பூரு. சுண்ணாம்புக் குழி” என்றார் அப்பா. அடுத்த கால் மணி நேரம் இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். மிருதங்கத்துக்குப் பசுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல் மூன்றும் வேண்டும். இழுத்துக் கட்டும் வார் எருமைத் தோலில் அறுப்பது. எந்த ஆட்டுத் தோல் மெல்லியது, கத்தி பட்ட தோல் எப்படிக் கிழியும், மழைக்காலத் தோல் ஏன் ஆகாது என்றெல்லாம் அப்பா அடுக்கினார். மிருதங்கக்காரர் மிருதங்கத்தையே கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். அப்பா அந்த நகமில்லாத விரல்களால் விளிம்பைத் தடவிப் பார்த்தார். “பதம் போட்ட தோலு காலுக்கு, பதம் போடாத தோலு காதுக்கு” என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த ஒரு வாக்கியத்தில் என் பாடப்புத்தகத்தின் ஒரு பகுதியே இருக்கிறது! தோல் என்பது கொலாஜன் என்னும் புரத இழைகளின் பின்னல். அக்காலத்தில் ஆவாரம்பட்டைச் சாறும் இக்காலத்தில் பெரும்பாலும் குரோமிய உப்பும் அந்த இழைகளைக் குறுக்கே பிணைக்கின்றன. அதனால் தோல் அழுகாது, காய்ந்தாலும் விறைக்காமல் வளையும், செருப்பாகும், ஷூவாகும். மிருதங்கத் தோலோ முடி நீக்கி உலர்த்திய பச்சைத் தோல். விறைப்பாக இருப்பதால்தான் அது ஒலிக்கிறது; பிணைப்பு இல்லாததால்தான் பனியை உறிஞ்சி நெகிழ்கிறது. நான் தேர்வுக்குப் படித்ததை அப்பா விரலால் படித்திருக்கிறார்.

ஆட்டம் மீண்டும் தொடங்கியதும் அப்பா நூறு ரூபாயைக் கட்டியக்காரன் கையில் கொடுத்தார். அன்பளிப்புக் கொடுப்பவர் பெயரைச் சபையில் சொல்வது கூத்தின் மரபு. கட்டியக்காரன் ஒலிபெருக்கியில், “ஆம்பூர் தோல் தொழிலாளி, நம்ம மிருதங்கத்துக்குத் தோல் குடுக்கிற வம்சம், அண்ணன் நூறு ரூபா!” என்று முழங்கினான். சபை திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. அப்பா கைகளை மறைக்கவில்லை. இரு கையும் கூப்பிக் கும்பிட்டார்.

நம் ஊரில் ஒருவனை இழிவாகப் பேச வேண்டுமானால் ‘கூத்தாடி’ என்கிறார்கள். எங்களைப் போன்றோர் வந்தால் ‘தோல் நாற்றம்’ என்கிறார்கள். ஆனால் விடிய விடியக் கண்ணீரும் சிரிப்புமாக ஊரைக் கட்டிவைக்கும் கலையும், உலகத்தார் காலுக்கு அணிகொடுக்கும் தொழிலும் இந்த இரண்டு வசவுகளுக்குள்தான் இருக்கின்றன. மாசி தொடங்கி ஆடி வரை கூத்து. மற்ற மாதங்களில் கழனி வேலை என்று வாழும் கலைஞர் எத்தனையோ பேர். அவர்களை நேரில் போய்ப் பார்ப்பதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை. திரைப்படம் ஆளில்லாத கொட்டகையிலும் ஓடும். கூத்துக்கு எதிரே ஆள் வேண்டும்.

கல்லூரி நண்பர்களே! சுற்றுலாவுக்குத் தொலைதூரம் போகத்தான் வேண்டுமா? ஆற்காட்டிலிருந்து செய்யாற்றுச் சாலையில் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அல்லது உங்கள் ஊர்ப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். நமக்குத் தெரியாதது அவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதும் அங்கே தெரியவரும்.