தண்ணீர்தான் கஷ்டம்

என் அத்தை மாமல்லபுரம் கடற்கரையில் மீன் வறுத்து விற்பவர். போன வருஷம் ஒருநாள் விடியற்காலையில் வீட்டில் அடுப்பைப் பற்ற வைத்தபோது, கசிந்திருந்த கேஸ் குப்பென்று பிடித்துக் கொண்டது. முகம், கழுத்து, நெஞ்சு எல்லாம் வெந்து விட்டது. செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் முதலில் பார்த்து, பிறகு சென்னை கீழ்ப்பாக்கம் தீக்காய வார்டுக்கு அனுப்பினார்கள்.

வெளிக்காயத்தைத்தான் நாங்கள் பார்த்தோம். சூடான புகையை இழுத்ததில் தொண்டை உள்ளேயும் வீங்கியிருந்தது. மூச்சுக்கு ஒரு டியூப், சாப்பாட்டுக்கு மூக்கு வழியாக ஒரு டியூப். மூச்சு டியூபை எடுத்த பிறகும் அத்தைக்கு எச்சில்கூட விழுங்க வரவில்லை. "விழுங்குறதுகூடவா மறந்து போகும்?" என்று பாட்டி அழுதாங்க. மறக்கவில்லையாம். விழுங்குவதற்கு 30-க்கும் மேற்பட்ட தசைகள் வேலை செய்யணுமாம். சும்மா கிடந்ததில் அவை பலம் இழந்து விட்டன என்று டாக்டரம்மா சொன்னாங்க.

முதலில் தண்ணீர், பிறகுதான் கஞ்சி கொடுப்பாங்க என்று நினைத்தேன். நேர்மாறு! தண்ணீர் வேகமாக ஓடி மூச்சுப் பாதைக்குள் போய்விடும், நிமோனியா வரும். கெட்டியானது மெதுவாகப் போகும். அதனால் முதலில் கெட்டிக் கூழ், அரை ஸ்பூன். தாடையைத் தாழ்த்தி, மூச்சைப் பிடித்து, விழுங்கி, உடனே ஒருதரம் இருமணும். அரைக் கிண்ணம் காலியாக முக்கால் மணி நேரம் ஆகும்.

அப்புறம் இன்னொரு தொல்லை. காயம் ஆற ஆறத் தோல் சுருங்கி, வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்கு ஆகிவிட்டது. தினமும் ஐஸ் குச்சிகளை அடுக்கி வாயில் வைத்து விரிக்கணும். கண்ணில் தண்ணீர் கொட்டும், ஆனால் போதும் என்று அத்தை சொன்னதே இல்லை. 6 குச்சியில் ஆரம்பித்து 15 வரை வந்தாங்க.

வார்டில் ஒரு சிஸ்டர் டாக்டர் பிரேமா தன்ராஜ் பற்றிச் சொன்னாங்க. 8 வயதில் அடுப்பு வெடித்து முகமும் கழுத்தும் வெந்தவர். வேலூர் சி.எம்.சி.யில் 14 அறுவை சிகிச்சைகள் நடந்தன. பிறகு அதே மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி துறைத் தலைவரானார். 1999-இல் தீக்காயம் பட்டவர்களுக்காக 'அக்னி ரக்ஷா' தொடங்கினார். 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அத்தை அதைக் கேட்டு, "அந்தம்மா கத்தியே பிடிச்சாங்க, நான் கரண்டி பிடிக்க மாட்டேனா?" என்றாங்க.

ஐந்தாம் மாதம் முள் எடுத்த சங்கரா மீனைச் சோற்றோடு மசித்துக் கொடுத்தோம். விழுங்கிவிட்டு, "உப்பு கம்மி" என்றாங்க. பாட்டிக்குக் கோபம் வரவே இல்லை!

இப்போது மறுபடி கடை போட்டிருக்காங்க. தண்ணீர் மட்டும் இன்னும் ஒவ்வொரு மடக்காகத்தான். அந்த நேரத்தில் யாராவது விலை கேட்டால், பதில் சொல்லப் போய் புரையேறுகிறது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் வரும் தோழிகளே, அத்தை கையில் சொம்பு இருந்தால் கொஞ்சம் நில்லுங்க. அதுக்குள்ள மீன் ஆறிடாது.

– 9-ஆம் வகுப்பு மாணவி